படிப்பாயசம் கற்பிக்கும் பாடம்



விழா நாட்களில் பூசை முடிந்து பிராகாரத்தில் சற்று அமரும் பெற்றோரிடம் பேசினால், அவர்களுள் பலர் ஒரே குறையைச் சொல்வர். "படித்த பிள்ளை, இந்தச் சடங்கெல்லாம் எதற்கு என்று கேட்கின்றான். என்ன சொல்வதென்று தெரியவில்லை" என்பர். பிள்ளை கேட்டது குற்றமன்று. வினாவுதல் சைவத்துக்குப் புதியதும் அன்று. மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம் என்னும் சாத்திரம், மாணவர் வினவ மெய்கண்டார் விடை தரும் முறையிலேயே அமைந்தது. வினாவுக்கு அஞ்சியவர் அல்லர் நம் முன்னோர்.

குற்றம் நாம் தரும் விடையில் உள்ளது. நாம் வழக்கமாகத் தரும் விடைகள் இரண்டு. "பெரியவர்கள் செய்தார்கள், நீயும் செய்" என்பது ஒன்று. "செய்தால் வேலை கிடைக்கும், திருமணம் நடக்கும், நோய் தீரும்" என்பது மற்றொன்று. முதல் விடை பிள்ளையின் வாயை அடைக்கின்றது. இரண்டாவது விடை இறைவனைக் கடைக்காரன் ஆக்குகின்றது. கேட்ட சரக்குக் கிடைக்காத நாளில் பிள்ளை வேறு கடை தேடுவான். அல்லது கடைவீதிப் பக்கமே வாராதொழிவான்.

இவ்விரண்டும் அல்லாத விடை ஒன்று உண்டு. அதனைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தென்காசிக்கு அண்மையில் உள்ள ஆய்க்குடி அந்த விடையைத் தன் பழம்பெயரிலும் ஆற்றங்கரைப் படிகளிலும் வைத்துக் காத்து வருகின்றது. அதனையே இன்று சிந்திப்போம்.

ஆற்றங்கரைப் படிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் மேக்கரைப் பக்கத்தில் தோன்றி, அடவிநயினார் அணையைக் கடந்து, வயல்களுக்கு நீர் ஊட்டிக்கொண்டு வந்து சிற்றாற்றில் கலப்பது அனுமன் ஆறு. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இவ்வாற்றங்கரையிலும் குளிர்காற்று வீசும். அக்கரையிலே பாலசுப்பிரமணியன் குழந்தைக் கோலத்தில் கோயில் கொண்டிருக்கும் ஊரே ஆய்க்குடி.

மகப்பேறு வேண்டி இங்கே வருவோர் பலர். அவர்தம் வேண்டுதலோடு சேர்ந்த வழிபாட்டுக்குப் படிப்பாயசம் என்று பெயர். பாயசம் சமைத்து முருகனுக்கு நிவேதிப்பர். பின்னர் அதனை ஆற்றங்கரைக் கற்படிகளைத் தூய்மை செய்து அவற்றின்மேல் வார்ப்பர். குழந்தைகள் ஓடி வந்து படியில் உள்ளதைக் கையால் எடுத்து உண்பர். அக்குழந்தைகளின் உருவில் முருகனே வந்து உண்கின்றான் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

காட்சியைச் சிறிது நினைத்துப் பாருங்கள். பாயசத்தைச் சமைத்தவள் தாய். பாலும் சர்க்கரையும் வாங்கியவன் தந்தை. ஆயினும் வார்த்த பின்னர் அந்தப் பாயசம் அவர்களுடையது அன்று. யாருடைய பிள்ளை வந்து முதலில் கை வைக்கும் என்பதும் அவர்கள் கையில் இல்லை. விருந்தென்றால் பந்தி உண்டு; பந்தியென்றால் முதற்பந்தியும் கடைப்பந்தியும் உண்டு; இன்னார்க்கு இன்ன இலை என்னும் கணக்கும் உண்டு. படியிலே பந்தி இல்லை. குனிந்த பிள்ளைக்குக் கிடைக்கும், அவ்வளவே. கொடுத்தவர் கொடுத்த பொருளின்மேல் உரிமை கொண்டாட முடியாதபடி அமைந்த சடங்கு இது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு, இவ்வூரின் பழைய வரலாற்றுக்குச் செல்வோம்.

அறம் விற்காத வள்ளல்

கடையெழு வள்ளல்களுள் ஒருவன் ஆய் அண்டிரன். பொதியமலைப் பக்கத்தை ஆண்ட வேள் அவன். அவனுடைய ஊரைச் சங்கப் புலவர் ஆய்குடி என்று குறிப்பர். அவ்வூரே இன்றைய ஆய்க்குடி என்பது இவ்வட்டாரத்தார் கொண்டுள்ள கருத்து.

அவனை மிகுதியாகப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். புறநானூற்றில் உள்ள அவர் பாடல்கள் அவனுடைய கொடையைப் பல கோணங்களிற் காட்டுகின்றன. ஆயின் அரண்மனை பொலிவிழந்து கிடக்கின்றது என்று ஒரு பாடலில் தொடங்குகின்றார் புலவர். யானைகளைப் பாணர்க்கும் புலவர்க்கும் கொடுத்துவிட்டான். அவற்றைக் கட்டிய தறிகளில் காட்டு மயில்கள் வந்து தங்குகின்றன. அரண்மனைப் பெண்டிரிடம் எஞ்சியவை, பிறர்க்குக் கொடுக்க இயலாத மங்கல அணிகளே. தம் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ளும் அரசர்களின் செல்வம் நிறைந்த மாளிகைகளைக் காட்டிலும், வெறுமையான இந்த அரண்மனையே உயர்ந்தது என்று முடிக்கின்றார். இன்னொரு பாடலில், வடக்கே இமயமும் தெற்கே ஆய்குடியும் நின்று உலகத்தை நிலை குலையாமல் தாங்குகின்றன என்னும் கருத்தை வைக்கின்றார். மலைக்கு ஒப்பாக ஒரு சிற்றூரைச் சொன்னார். அங்கே கொடுக்கும் கை ஒன்று இருந்தமையால் சொன்னார்.

நமக்கு இன்று வேண்டுவது அவருடைய மற்றொரு பாடலின் கருத்தாகும். இப்பிறவியிற் செய்த நன்மை மறுபிறவியில் ஊதியமாக வரும் என்று எண்ணி அறத்தை விலைப்பொருளாக்கும் வணிகன் அல்லன் ஆய் என்கின்றார். அவ்வாறாயின் அவன் ஏன் கொடுத்தான்? சான்றோர் பலரும் நடந்த நெறி இது என்பதனாற் கொடுத்தான். அவன் வள்ளன்மை அந்த நெறியின்பாற்பட்டது என்று தெளிவுபடுத்துகின்றார் புலவர்.

அன்பர்களே, இங்கேதான் நம் வினாவுக்கு விடை இருக்கின்றது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் இரண்டு விடைகளையும் முடமோசியார் முன்னரே எடைபோட்டு வைத்தார். "செய்தால் கிடைக்கும்" என்பதை அறவிலை வாணிகம் என்று தள்ளினார். "முன்னோர் செய்தனர்" என்பதைத் தள்ளவில்லை, திருத்தினார். முன்னே சென்றவர் என்பதனால் மட்டும் ஒருவர் வழியை நாம் கொள்வதில்லை. அவர் சான்றோராய் இருந்தமையாற் கொள்கின்றோம். அவர்தம் சான்றாண்மை எதில் விளங்கிற்று என்றால், கைம்மாறு கருதாது கொடுத்ததில் விளங்கிற்று. சடங்கு என்பது அந்த வழியில் நாமும் கால் வைத்து நடத்தல்.

ஆய், மனிதர்க்கு மட்டும் கொடுத்தவன் அல்லன். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை ஓர் அரிய செய்தியைத் தருகின்றது. நீலநாகம் நல்கியதாகச் சொல்லப்படும் கிடைத்தற்கரிய ஆடை ஒன்று அவனிடம் வந்தது. அதனை அவன் தான் உடுத்திக்கொள்ளவில்லை. ஆலமர நீழலில் அமர்ந்த இறைவனாகிய சிவபெருமானுக்கு விருப்புடன் சாத்தினான். சங்க காலத் தமிழ்நாட்டில் சிவவழிபாடு எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்றாக அறிஞர்கள் எடுத்துக்காட்டும் இடங்களுள் இதுவும் ஒன்று. தனக்கு வந்த கொடையைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளாமல் இறைவன்பால் சேர்த்தான் அவ்வரசன். அன்றைய ஆடைக்கும் இன்றைய படிப்பாயசத்துக்கும் இடையே தொடர்ச்சியான வரலாறு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டிலும் உள்ள குணம் ஒன்று என்பதைச் சொல்ல வருகின்றேன்.

நாள்தோறும் ஒரு கல்

"குணம்தானே வேண்டும், கொடுக்கும் மனம் இருந்தால் போதாதா? குறித்த நாள், குறித்த நேரம், குறித்த முறை எதற்கு?" என்று பிள்ளை மீண்டும் கேட்கலாம். நல்ல கேள்வியே. சைவம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்தது. உடம்பால் செய்யும் தொண்டை முதலில் வைத்தது. மனம் நாளுக்கொரு நிறம் கொள்வது; அதனை நம்பிக் கொடையை விட்டால், மனம் இருக்கும் நாளிற் கொடுப்போம், இல்லாத நாளில் மறப்போம். கைக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டால் மனம் சோர்ந்த நாளிலும் கை மறவாது.

சேக்கிழார் பெருமான் காட்டும் சாக்கிய நாயனார் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவர் புத்தர் வேடத்தில் இருந்தவர். சிவலிங்கத்தின்மேல் நாள்தோறும் ஒரு கல்லை எறிந்த பின்னரே உண்பது அவர் வழக்கம். ஆகம முறை என்று பார்த்தால் அது பூசையே அன்று. ஒருநாள் மறதியால் உண்ணத் தொடங்கினார். நினைவு வந்தவுடன் உணவை விட்டு விரைந்து ஓடிக் கல்லை எறிந்தார். அந்த அன்புக்கு இறைவன் அருள் செய்தான். எறிந்த பொருள் கல். ஆயினும் எந்நாளும் தவறாத நியமம், பசியையும் பின்னுக்குத் தள்ளிய நினைவு, இவை இரண்டும் பூவினும் மேலாயின.

அலுவலகத்துக்குப் பேருந்து பிடிக்க ஓடும் இக்காலத்து மனிதருக்குச் சாக்கிய நாயனாரைக் காட்டிலும் அணுக்கமான அடியார் வேறு யார்? அவருக்கும் விரிவான பூசை செய்ய வாய்ப்பில்லை. ஒரு நொடிச் செயல். ஆனால் ஒருநாளும் தவறாத செயல். சடங்கின் அளவு பெரிதா சிறிதா என்பதைக் காட்டிலும், நம் விருப்பத்துக்கும் வசதிக்கும் முன்னே அதனை வைக்கின்றோமா என்பதே முதன்மையானது.

முதல் கெடாமற் காத்தவர்

ஒருவர் தம் கையைப் பழக்குவது போலவே, ஊர் முழுவதும் தன்னைப் பழக்கிக்கொண்ட வரலாறும் உண்டு. அதனைக் கல்வெட்டுக்கள் சொல்கின்றன. 9-ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன், இளங்கோய்க்குடி என்று அந்நாளில் வழங்கிய அம்பாசமுத்திரத்துத் திருக்கோயிலின் திருவமுதுக்காக 290 காசு கொடுத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல்லாக 580 கலம் பொலிசை வர வேண்டும். முதல் கெடாமல், பொலிசையைக் கொண்டே செலவு நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. சோழநாட்டுக் கல்வெட்டுக்களில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைப் பல இடங்களிற் காண்கின்றோம். அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாமல் இருக்குமா? மூக்காமல் இருக்குமா? ஒன்று இறந்தால் அதன் குட்டி அதன் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பது பொருள். ஆட்டைக் காத்த இடையர் அளந்து கொடுத்த நெய்யால் கருவறை விளக்கு எரிந்தது.

இந்தக் கணக்குகளை வறண்ட கணக்கு என்று எண்ணுதல் தவறு. ஒரு விளக்கை அணையாமல் எரிப்பது என்று முடிவு செய்தவுடன் அரசன், இடையர், ஊர்ச்சபை, கோயிற் பணியாளர் ஆகிய அனைவரும் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டார்கள். கொடுத்தவன் மறைந்த பின்னரும் கடமை மறையவில்லை. தனிமனித அன்பை நூற்றாண்டுக் கணக்கில் நிலைக்கச் செய்யும் கருவியாகச் சடங்கு நின்றது.

தென்காசிக்கு வருவோம். வடகாசிக்குச் செல்ல இயலாதவரும் வழிபடுமாறு, பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டு காசி விசுவநாதர் திருக்கோயிலைத் தொடங்கினான். பின்னர்க் கோபுரப் பணியையும் தொடங்கினான். அது முற்றுப்பெறும் முன்னரே மறைந்தான். அவன் வழியினர் முடித்தனர். அக்கோயிலில் அவன் பொறித்து வைத்த பாடலின் கருத்து நெஞ்சை உருக்குவது. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் ஒரு குறை நேர்ந்தால், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும், உலகம் அறிய அவரைப் பணிகின்றேன் என்கின்றான் அம்மன்னன். முடியணிந்த தலை, இன்னும் பிறவாத ஒரு திருப்பணியாளனுக்கு முன்னே தாழ்கின்றது! தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று அவன் வேண்டவில்லை. பணி நிலைக்க வேண்டும் என்று வேண்டினான்.

அக்குறையும் நேர்ந்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மேல்நிலைகள் இன்றி நின்றது. 1990-ஆம் ஆண்டு 9 நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலும் அக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. குடமுழுக்கு என்னும் சடங்கு ஒன்று இல்லாதிருந்தால், பழுது பார்க்கும் நினைவு எத்தனை தலைமுறைக்கு இருந்திருக்கும்? இடையிடையே கோயிலை ஆராய்ந்து, விரிசலை அடைத்து, பழுதை நீக்கி, அதன்பின் நீர் தெளிக்க வேண்டும் என்று விதித்தவர்கள் மனித மறதியை நன்கு அறிந்தவர்கள்.

படி அனைவர்க்கும் திறந்ததா?

பெருமைகளை மட்டும் சொல்லிச் செல்வது வரலாறு ஆகாது. சடங்கைக் காக்கின்றோம் என்று சொல்லிக்கொண்டே சடங்கின் உயிரைக் கெடுத்த காலமும் நமக்கு உண்டு. ஆண்டவன் சந்நிதிக்கு வந்த அடியாரைச் சாதியின் பெயரால் வெளியே நிறுத்தினோம். நந்தனார் வரலாற்றைக் கண்ணீரோடு கேட்டவர்களே, வாயிலில் நின்ற மனிதரை உள்ளே விட மறுத்தார்கள்.

ஆய்க்குடி அந்நாளில் செங்கோட்டைப் பகுதியோடு சேர்ந்து திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாளன்று தான் அப்பகுதி நம் மாநிலத்தோடு இணைந்தது. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அரசின் பொறுப்பில் இருந்த கோயில்கள் இந்துக்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்டன. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், முன்பு விலக்கப்பட்டிருந்த அன்பர்களை அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். சென்னை மாகாணத்தில் சட்டங்களும் பின்னர் வந்தன.

அன்று பலர் அஞ்சினர். சடங்கு அழியும், சாந்நித்தியம் குறையும் என்றனர். அவ்வாறு ஏதும் நிகழவில்லை. இன்று நாம் காணும் விழாக் கூட்டத்தில் யார் எந்தக் குலம் என்று எவர் அறிவார்? குலம் கேட்டு ஒதுக்கிய சடங்கு உயிரற்றது. குனிந்தவர்க்கெல்லாம் கிடைக்கும் சடங்கு உயிருள்ளது. படிப்பாயசத்தை நாம் அளவுகோலாகக் கொண்டால், மற்றச் சடங்குகளிலும் எது உயிர், எது ஒட்டிய தூசி என்பது விளங்கும்.

இன்றைய சோதனை

இக்காலத்துக்கு வருவோம். ஒரு குடும்பம் தொலைவிலுள்ள நகரிலிருந்து காரில் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் செலுத்துகின்றார்கள். பாயசம் ஆயத்தமாக இருக்கின்றது. படியில் வார்ப்பதைக் கைப்பேசியிற் படம் பிடிக்கின்றார்கள். பிள்ளைகள் வந்து உண்ணும் முன்னரே, நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுவிடுகின்றார்கள். முறையில் குறை ஒன்றும் இல்லை, நேர்த்திக்கடன் தீர்ந்தது. ஆயினும் அவர்கள் எதைக் கண்டார்கள்? தாம் கொடுத்ததை ஒரு பிள்ளை உண்டு மகிழ்ந்த முகத்தைக் காணவில்லையே! சடங்கின் பயன் அந்த முகத்தில் இருந்தது. அதனைக் காணாமற் சென்றவர், அஞ்சலகத்திற் பணம் கட்டிவிட்டுச் சீட்டு வாங்கிச் சென்றவரை ஒப்பர்.

கட்டணச் சீட்டையும் கைப்பேசியையும் நான் பழிக்கவில்லை. வெளிநாட்டில் உழைக்கும் அன்பர், வர இயலாத முதியவர், நோயாளி ஆகியோர்க்கு அவை உதவி. திருநின்றவூர்ப் பூசலார் பொருள் இல்லாமையால் மனத்திலேயே கோயில் கட்டினார். இறைவன் அதனை ஏற்றான். வர இயலாதவர் நெஞ்சால் வரட்டும். வந்தவர் சிறிது நேரம் நிற்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

மற்றொரு கேள்வியும் உண்டு. "கல்லின்மேல் வார்த்த உணவைக் குழந்தை உண்ணலாமா? நோய் வாராதா?" என்று மருத்துவம் அறிந்த இளைஞர் கேட்பர். அவரை நாத்திகர் என்று ஏசி அனுப்புதல் அறிவுடைமை ஆகாது. பிள்ளையின் நலம் கருதிக் கேட்பவர், பிள்ளையின் உருவில் வரும் முருகனின் நலத்தையே கருதுகின்றார். படியைக் கொதிநீரால் நன்கு கழுவுதல் வேண்டும். பிள்ளைகள் கை கழுவ நல்ல நீர் வைத்தல் வேண்டும். தேவையென்று தோன்றினால் படியின்மேல் வாழையிலை விரித்து வார்த்தாலும் முருகன் முகம் சுளிக்க மாட்டான். ஆனால் ஓர் எச்சரிக்கை. இலை வந்தபின் பந்தியும் வரக்கூடாது. தெரிந்தவர் பிள்ளைக்கு நிறையவும் தெரியாதவர் பிள்ளைக்குக் குறையவும் பரிமாறும் நாள் வருமானால், இலை தூயதாக இருந்தும் சடங்கு எச்சிற்பட்டுவிடும். வடிவம் காலத்துக்கேற்ப மாறலாம். கொடுத்தவர் கையை எடுத்துவிடும் அந்தத் தன்மை மட்டும் மாறலாகாது.

சடங்கு முறையாகச் செய்தும் வேண்டியது கிடைக்காதவர் உண்டு. மகப்பேறு வேண்டிப் பல ஆண்டு நடந்தும் மடி நிறையாத தாய்மார் உண்டு. "செய்தால் கிடைக்கும்" என்று சொல்லிப் பழகியவர்களால் அந்தத் தாய்க்கு ஒரு சொல்லும் சொல்ல முடியாது; அவள் பக்தியில் குறை என்றுதான் சொல்வார்கள்; அது கொடுமை. மருத்துவரிடம் செல்லுமாறு அவளுக்கு அன்போடு சொல்லுங்கள். அதனோடு, படியில் உண்ணும் பிள்ளைகளைப் பார்க்க அவளையும் அழைத்து வாருங்கள். அவள் வார்க்கும் பாயசத்தையும் பிள்ளைகள் உண்பார்கள். பெற்றவள் வார்த்ததா, பெறாதவள் வார்த்ததா என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. சடங்கு வாணிகமாக இருந்தால் அவளுக்கு அங்கே இடமில்லை. கொடையாக இருந்தால் அவளுக்கு முதலிடம் உண்டு.

கொடை புறப்பட்ட ஊர்

கோயிற் படியிற் பழகிய கை, கோயிலுக்கு வெளியேயும் நீள வேண்டும். ஆய்க்குடியிலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பொறியியல் மாணவராய் இருந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975-ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தார். அவர் 1981-ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கென அறிவித்த ஆண்டில், ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். தம்மைக் காத்த மருத்துவரின் பெயரால் அதனை அமைத்தார். நடக்க இயலாத குழந்தைகளுக்குக் கல்வியும் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் பெரு நிறுவனமாக அது வளர்ந்தது. 2020-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்நிறுவனம் சமய வேறுபாடு பாராத பொதுத்தொண்டு நிறுவனம். கோயிற் சடங்கிலிருந்து அது பிறந்தது என்று சொல்லி, பிறர் உழைப்புக்கு நாம் பெயர் கொள்ள வேண்டா. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆய்குடியின் வள்ளலைப் பாடிய புலவரின் பெயர் முடமோசியார். முடம் என்னும் அடைமொழி உடற்குறையால் வந்தது என்று அறிஞர் கருதுவர். நடக்க வருந்திய ஒரு புலவர், நெடுவழி கடந்து வந்து இவ்வூர்க் கொடையை உலகறியச் செய்தார். அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய மண்ணில், நடக்க இயலாத ஒருவர் மற்றவரை நடக்கச் செய்யும் பணியைத் தொடங்கினார். வேண்டுதல் நிறைவேறிக் குழந்தையோடு இவ்வூருக்கு வரும் அன்பர், தம் குழந்தையின் பெயரால் இத்தகைய ஒரு குழந்தைக்கும் சிறிது உதவினால், அதுவும் படிப்பாயசமே ஆகும்.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே, இதுவரை கண்டவற்றிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்கவை மூன்று. முதலாவது, நாள்தோறும் தவறாத ஒரு சிறு நியமம். மாலையில் ஒரு விளக்கு ஏற்றுதல் போதும். சாக்கிய நாயனாரின் கல்லைப் போல அதனை ஒருநாளும் விடாதிருத்தல் வேண்டும். இரண்டாவது, உலையில் அரிசி இடும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தல். பிடியரிசி வைக்கும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. மாதம் முடிந்ததும் அதனைப் பசித்தவர்க்குச் சேர்க்கும் பணியை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். மூன்றாவது, கோயிலுக்கு வரும்போது நம் வேண்டுதலோடு பிறர் ஒருவரின் வேண்டுதலையும் சுமந்து வருதல்.

"சடங்கு எதற்கு?" என்று இனிமேல் பிள்ளை கேட்டால், நெடிய விளக்கம் வேண்டா. விழா நாளில் கையைப் பிடித்து அழைத்து வந்து, ஆற்றங்கரைப் படியில் நிறுத்துங்கள். பாயசப் பாத்திரத்தை அவன் கையிலேயே கொடுத்து வார்க்கச் சொல்லுங்கள். முன்பின் அறியாத ஒரு குழந்தை குனிந்து உண்டுவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரிக்கும். அதற்குப் பின்னும் அவனுக்கு ஐயம் இருந்தால், மீண்டும் கேட்கட்டும், அமர்ந்து பேசுவோம்.

ஆலமர் செல்வன் அருளும், அவன் மைந்தன் பாலசுப்பிரமணியன் அருளும் உங்கள் இல்லந்தோறும் நிறைக என்று வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.